சர்க்கரைக் கணக்கு

அமெரிக்கா ஏன் அடுத்தவர் ஊருக்குள் போய் உட்காருகிறது என்று கேட்டால் நம்மூரில் பதில் ரெடியாக இருக்கும். எண்ணெய்.

2003 மார்ச்சில் இராக் யுத்தம் தொடங்கியபோது, எங்கள் பத்திரிகை ஆபீசுக்குக் கீழே இருந்த டீக்கடையில் இந்த ஒரு வார்த்தையோடு விவாதத்தை முடித்துவிட்டு, மிச்ச நேரத்துக்கு உலகக் கோப்பை ஃபைனல் பேசப் போய்விட்டார்கள். மாடியில் நாங்கள், ஜனநாயகத்தை நிலைநாட்டப் போகிறோம் என்று புஷ் பேசியதைத் தமிழ்ப்படுத்திக்கொண்டிருந்தோம். கீழே எண்ணெய். மேலே ஜனநாயகம். டீ குடிக்க இறங்குவதும் ஏறுவதுமாக அந்த மாசம் முழுக்க இரண்டையும் கேட்டேன். இரண்டுமே எனக்குப் போதவில்லை.

காரணம், நான் படித்தது பி.காம். 'நாடு லாபம் பார்த்தது' என்று யாராவது சொன்னால், எந்தக் கணக்கில் வரவு வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். நாடு என்பது ஒரு ஆள் இல்லையே, அதற்கு ஒரே ஒரு சட்டைப்பை இருக்க? செலவு செய்கிறவர் ஒருத்தர், சம்பாதிக்கிறவர் இன்னொருத்தர். இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு எண்ணெய்க்கு முந்தைய காலத்துக்குப் போய்ப் பாருங்கள். முதலில் தட்டுப்படுவது பறவை எச்சம்.

நிஜமாகத்தான். 1850களில் அமெரிக்க விவசாயிகளுக்கு உரம் வேண்டியிருந்தது. பெரு நாட்டுத் தீவுகளில் கடல் பறவைகள் நூற்றாண்டுகளாகப் போட்டுவைத்த எச்சம் மலை மலையாகக் கிடந்தது. குவானோ என்று பெயர். அருமையான உரம், ஆனால் யானை விலை. ஆகவே 1856-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அமெரிக்கக் குடிமகன் யாராவது, வேறெந்த அரசுக்கும் சொந்தமில்லாத, ஆளில்லாத தீவில் குவானோவைக் கண்டுபிடித்து, சண்டை சச்சரவு இல்லாமல் போய் உட்கார்ந்துகொண்டால் போதும். ஜனாதிபதி விரும்பினால் அந்தத் தீவு அமெரிக்காவைச் சேர்ந்ததாகக் கருதப்படும். கண்டுபிடித்தவரின் உரிமையைக் காப்பாற்றக் கடற்படையையும் அனுப்பலாம். வியாபாரம் தனியாருடையது, காவல் அரசாங்கத்துடையது.

அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. எச்சத்தை அள்ளி முடித்த பிறகு தீவை வைத்துக்கொண்டே ஆகவேண்டிய கட்டாயம் அமெரிக்காவுக்கு இல்லை. எவ்வளவு நேர்மை பாருங்கள்! சரக்கு தீர்ந்தால் கடையைக் கட்டிவிடலாம்.

கட்டினார்களா? ஹெய்ட்டிக்குப் பக்கத்தில் நவாசா என்று ஒரு குட்டித் தீவு. பால்ட்டிமோர் கம்பெனி ஒன்று அமெரிக்கக் கறுப்பினத் தொழிலாளர்களைக் கொண்டுபோய் அங்கே எச்சம் வெட்டியது. அடிமைத்தனம் ஒழிந்து கால் நூற்றாண்டு ஆகியும் அங்கிருந்த நிலைமை அடிமைத்தனத்துக்குக் கொஞ்சம்தான் மேலே. 1889-இல் தொழிலாளர்கள் கொதித்தெழ, மேஸ்திரிகள் ஐந்து பேர் செத்துப்போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அந்தத் தீவு அமெரிக்காவைச் சேர்ந்ததுதானா, அங்கே நடந்த கொலையை அமெரிக்க கோர்ட் விசாரிக்கலாமா? 1890-இல் தீர்ப்பு வந்தது. தாராளமாக விசாரிக்கலாம். 1898-இல் கம்பெனி கிளம்பிவிட்டது. அரசாங்கம் கிளம்பவில்லை. பனாமா கால்வாய் வந்ததும் அந்த வழியில் கப்பல்கள் போகுமே என்று 1917-இல் கலங்கரை விளக்கம் கட்டினார்கள். 1996-இல் விளக்கையும் அணைத்தார்கள். 1999-இல் தீவு காட்டுயிர்க் காப்பகமாகிவிட்டது. ஹெய்ட்டி இன்றைக்கும் அது என்னுடையது என்கிறது. பறவைகள் பாட்டுக்குத் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன.

போன காரணம் ஒன்று, தங்கிய காரணம் வேறு. நவாசா சின்னக் கணக்கு. பெரிய கணக்கு ஹவாய்.

ஹவாய் என்றதும் பூமாலையும் இடுப்பசைவும் ஞாபகத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு தகவல். அது ஒரு தனி ராஜ்ஜியம். அரசியல் சட்டம், நாடாளுமன்றம், வெளிநாடுகளில் தூதர்கள் எல்லாம் வைத்திருந்த ராஜ்ஜியம். 1820-இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியிலிருந்து பாதிரியார்கள் வந்து இறங்கினார்கள். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வக்கீலானார்கள், நீதிபதியானார்கள், கரும்புத் தோட்ட முதலாளியானார்கள். வியாபாரம் பண்ண வந்து நாட்டைப் பிடித்த கம்பெனியை நமக்குத் தெரியும். இங்கே ஜெபம் பண்ண வந்து வியாபாரம்.

1875-இல் ஓர் ஒப்பந்தம். ஹவாய்ச் சர்க்கரை சுங்கவரி இல்லாமல் அமெரிக்காவுக்குள் போகலாம். கியூபா சர்க்கரைக்கு வரி உண்டு, ஹவாய்ச் சர்க்கரைக்குக் கிடையாது. கசக்குமா? பதினைந்து வருஷத்தில் ஏற்றுமதி ஏறக்குறைய பத்து மடங்கானது. தீவில் விளைகிற கரும்பு, வாஷிங்டனில் எழுதப்படுகிற ஒரு வரி அட்டவணையை நம்பி வளர்ந்தது. வாங்குகிறவர் ஒரே ஒருத்தர். பி.காம். முதல் வருஷ மாணவனைக் கேட்டால்கூட இது ஆபத்து என்பான்.

1887-இல் முதலாளிகள் தரப்பு துப்பாக்கி ஏந்திய ஆட்களோடு போய், மன்னர் கலாகாவாவிடம் புது அரசியல் சட்டத்தில் கையெழுத்து வாங்கியது. ஹவாய்க்காரர்களே அதற்கு 'துப்பாக்கிக் கத்திச் சட்டம்' என்று பெயர் வைத்தார்கள். மன்னரின் அதிகாரம் போனது. சொத்தும் வருமானமும் இல்லாத பூர்வகுடிகளில் பெரும்பாலோர் மேல்சபைக்கு ஓட்டுப் போட முடியாது. ஆனால் தீவில் வசிக்கும் அமெரிக்கரும் ஐரோப்பியரும் போடலாம். தோட்டத்தில் வேலை செய்த சீனருக்கும் ஜப்பானியருக்கும் ஓட்டே கிடையாது. அதே வருஷம் சர்க்கரை ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. கொசுறாக, பெர்ல் ஹார்பரில் நிலக்கரி நிரப்பவும் கப்பல் பழுதுபார்க்கவும் அமெரிக்காவுக்கு மட்டும் உரிமை.

இந்தக் கொசுறை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1890-இல் வாஷிங்டன் வரி அட்டவணையை மாற்றியது. வில்லியம் மெக்கின்லி என்கிற காங்கிரஸ் உறுப்பினரின் பெயரால் வந்த சட்டம். அதன்படி எந்த நாட்டுக் கச்சாச் சர்க்கரைக்கும் வரி இல்லை. உள்நாட்டில் சர்க்கரை செய்கிறவர்களுக்கு மட்டும் பவுண்டுக்கு 2 சென்ட் மானியம். ஹவாயைக் கவிழ்ப்பதற்காகப் போட்ட சட்டமில்லை இது. அமெரிக்க வீட்டுச் சமையலறையில் சர்க்கரை மலிவாகக் கிடைக்கட்டும், லூசியானா கரும்பு விவசாயியும் பிழைக்கட்டும் என்று போட்டது. ஆனால் ஹொனலூலுவில் சர்க்கரை விலை விழுந்தது. முதலாளிகளின் சலுகை ஒரே கையெழுத்தில் காணாமல் போனது. இப்போது வழி என்ன? மானியம் உள்நாட்டுக்காரருக்குத்தானே? நாமே உள்நாடாகிவிட்டால்?

இதோடு நிறுத்தினால் கதை சௌகரியமாக இருக்கும். ஆனால் நிஜம் அப்படி இல்லை. ஹவாய்ச் சர்க்கரையின் மகா முதலாளி கிளாஸ் ஸ்ப்ரெக்கெல்ஸ், அமெரிக்காவோடு இணைவதைக் கடுமையாக எதிர்த்தார். இணைந்தால் அமெரிக்கச் சட்டம் வரும். அமெரிக்கச் சட்டத்தில் ஒப்பந்தக் கூலிகளை இறக்குமதி செய்ய முடியாது, சீனர்களைக் கொண்டுவர முடியாது. கூலிச் செலவு எகிறுமே! மானியமா, மலிவுக் கூலியா? முதலாளிகளுக்குள்ளேயே ஒரு கருத்து கிடையாது. இணைப்புக்கு முன்னால் நின்றவர் லாரின் தர்ஸ்டன் என்கிற வக்கீல். பாதிரியார் குடும்பத்துப் பேரன். ஹவாயியர்களுக்கு ஆளத் தெரியாது, எங்கள் கையில் இருந்தால்தான் தீவு உருப்படும் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். நடிப்பு இல்லை. பணத்தாசையைவிட இந்த நம்பிக்கைதான் எனக்கு அதிக பயம் தருகிறது. பணத்தாசை உள்ளவனிடம் பேரமாவது பேசலாம்.

ராணி லிலியுவோகலானி 1893 ஜனவரியில் பழைய உரிமைகளைத் திரும்பத் தரும் ஒரு புது அரசியல் சட்டத்தைக் கொண்டுவரப் பார்த்தார். 'அலோஹா ஓயே' பாட்டை எழுதியவர் இவர்தான். ஜனவரி 16-ஆம் தேதி, அமெரிக்கத் தூதர் ஸ்டீவன்ஸ் ஏற்பாட்டில், 'பாஸ்டன்' என்கிற போர்க்கப்பலிலிருந்து 162 வீரர்கள் கரை இறங்கினார்கள். அமெரிக்கர்களின் உயிரையும் உடைமையையும் காப்பாற்றவாம். யாரும் யாரையும் தாக்கிக்கொண்டிருக்கவில்லை. அவர்கள் போய் நின்ற இடம் அரண்மனைக்குப் பக்கம். மறுநாள் ராணி பணிந்தார். கலகக்காரர்களிடம் இல்லை, அமெரிக்க அரசின் பலத்துக்குப் பணிகிறேன், உண்மை தெரிந்ததும் அந்த அரசே என்னை மறுபடி அமர்த்தட்டும் என்று எழுதிக்கொடுத்தார்.

ஜனாதிபதி க்ளீவ்லண்ட் விசாரிக்க ஆள் அனுப்பினார். நடந்தது தப்பு என்று அறிக்கை வந்தது. அவரும் அதை ஏற்றுக்கொண்டு காங்கிரசிடம் சொன்னார். அதோடு சரி. கவிழ்த்தவர்கள் 1894 ஜூலை 4-ஆம் தேதி, அமெரிக்க சுதந்திர தினமாகப் பார்த்து, தங்களைக் குடியரசு என்று அறிவித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் எழுந்த ஒரு கலகம் தோற்றதும், ராணியை அவர் அரண்மனையிலேயே ஓர் அறையில் பல மாதம் பூட்டிவைத்தார்கள்.

இங்கேதான் எனக்குக் கணக்கு இடிக்கிறது. அதே 1894-இல் வாஷிங்டன் மறுபடி அட்டவணையை மாற்றி, வெளிநாட்டுச் சர்க்கரைக்கு வரி போட்டது. மானியம் ரத்து. ஹவாய்க்குப் பழைய சலுகை திரும்பக் கிடைத்துவிட்டது! ராஜ்ஜியத்தைக் கவிழ்க்க இருந்த வியாபாரக் காரணம் ஒன்றரை வருஷத்தில் காலி. ராஜ்ஜியம் திரும்பியதா? ம்ஹும்.

1897-இல் இணைப்பை எதிர்த்து 21,269 பேர் கையெழுத்திட்ட மனு வாஷிங்டன் போனது. 1890 மக்கள்தொகைக் கணக்கில், கலப்பினத்தவரையும் சேர்த்து, பூர்வகுடிகளே 40 ஆயிரம் சொச்சம்தான். அப்படியென்றால் இந்த எண்ணிக்கைக்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். இணைப்பு ஒப்பந்தத்துக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு சேரவில்லை.

அப்புறம் 1898 வந்தது. கியூபாவை முன்னிட்டு ஸ்பெயினோடு யுத்தம். கியூபா எங்கே, பிலிப்பைன்ஸ் எங்கே? ஆனால் பிலிப்பைன்சும் ஸ்பெயினுடையது. மணிலா விரிகுடாவில் ட்யூயி ஸ்பெயின் கப்பல்களை மூழ்கடித்தார். மணிலாவுக்குப் படை போகவேண்டும். நீராவிக் கப்பல் நிலக்கரி இல்லாமல் பசிபிக்கைத் தாண்டாது. நடுவழியில் இருப்பது ஹொனலூலு. கொசுறு முதலாகிவிட்டது. ஒப்பந்தம் என்றால்தானே மூன்றில் இரண்டு? சாதாரணப் பெரும்பான்மை போதும் என்கிற தீர்மானமாகக் கொண்டுவந்து, 1898 ஜூலை 7-ஆம் தேதி ஹவாயைச் சேர்த்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்ட ஜனாதிபதி வேறு யாருமில்லை. 1890 வரிச் சட்டத்துக்குப் பேர் கொடுத்த அதே மெக்கின்லி.

பிலிப்பைன்சுக்கு ஸ்பெயினிடம் 2 கோடி டாலர் கொடுத்தார்கள். விற்பவரைக் கேட்டார்கள், ஊர்க்காரர்களைக் கேட்கவில்லை. அவர்கள் சண்டை போட்டார்கள். 1899 முதல் 1902 வரை நடந்த யுத்தத்தில் 4,200-க்கு மேல் அமெரிக்கச் சிப்பாய்களும் 20 ஆயிரத்துக்கு மேல் பிலிப்பினோ வீரர்களும் இறந்தார்கள். சண்டை, பஞ்சம், காலரா என்று செத்துப்போன பொதுஜனம் இரண்டு லட்சம் வரை என்கிறார்கள். சீனச் சந்தைக்கு ஒரு வாசல்படி வேண்டும் என்று சொன்னவர்களின் ஐந்தொகையில் இந்த எண்களுக்கு இடமே இல்லை.

பிறகு ஒரு வேடிக்கை. பிலிப்பைன்ஸ் சர்க்கரை வரியில்லாமல் அமெரிக்காவுக்குள் வர ஆரம்பித்தது. உள்நாட்டில் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுப்பவர்களுக்கும், கியூபா ஆலைகளில் பணம் போட்டிருந்தவர்களுக்கும் வயிறு எரிந்தது. 1930களின் மந்தத்தில், பிலிப்பைன்சுக்கு சுதந்திரம் கொடு என்று அவர்கள் குரல் கொடுத்தார்கள்! வெளிநாடாகிவிட்டால் வரி போடலாமே. பிலிப்பினோத் தொழிலாளிகள் வந்து குவிவதை நிறுத்தலாம் என்று தொழிற்சங்கங்களும் சேர்ந்துகொண்டன. 1934-இல் சட்டம் வந்தது, 1946-இல் சுதந்திரம். பிலிப்பினோத் தலைவர்கள் பல வருஷம் போராடியதையும் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் வாஷிங்டனில் கதவைத் தள்ளியதில் சர்க்கரைக் கை பலமானது. ஒரு தீவை உள்ளே இழுத்த அதே சர்க்கரை இன்னொரு தீவை வெளியே தள்ளியது.

ஹவாய் வெளியே போகவில்லை. 1959-இல் வாக்கெடுப்பு நடந்தது. மாநிலமாக வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. தனி நாடு என்கிற கட்டமே சீட்டில் இல்லை. ஐம்பதாவது மாநிலமானது. 2016 டிசம்பரில் மௌயி தீவிலிருந்த கடைசி சர்க்கரை ஆலையும் மூடப்பட்டது. பெர்ல் ஹார்பரில் கடற்படை இருக்கிறது.

1993-இல், கவிழ்ப்பின் நூறாவது வருஷம், காங்கிரஸ் முறைப்படி மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது. க்ளிண்டன் கையெழுத்திட்டார். பூர்வகுடிகள் தங்கள் இறையாண்மையை ஒருபோதும் நேரடியாக விட்டுக்கொடுக்கவில்லை என்றுகூட அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் ஒரு வரி, அமெரிக்காவுக்கு எதிரான எந்தக் கோரிக்கைக்கும் இது தீர்வாகாது. அந்த மன்னிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ராஜ்ஜியத்துக்குச் சொந்தமாக இருந்த சுமார் 12 லட்சம் ஏக்கர் நிலத்தை விற்கக்கூடாது என்று பூர்வகுடிகள் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. ஹவாய் உச்ச நீதிமன்றம் சரி என்றது. 2009-இல் வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. தீர்மானத்தில் இருப்பது வருத்தம் மட்டும்தான், நிலத்தின் உரிமையை அது தொடவில்லை என்றது.