மறுமைப் பாடம்

கல்லூரி மலருக்கு ஏதேனும் எழுதிக் கொடு என்று எங்கள் தமிழாசிரியை கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். நிலவையும் கடலையும் பாடாத மாணவர் நம் கல்லூரியில் யார்? ஆனால் நாகூர்க்காரியான எனக்குக் கடலைப் பற்றிக் கவிதை எழுதக் கை வரவில்லை. ஆகவே, சென்ற ரமலானுக்கு முன்பு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் நான் ஆசிரியையாக இருந்து பட்ட பாட்டை எழுதத் துணிந்தேன்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஞாயிறுதோறும் ளுஹர் தொழுகைக்குப் பின் தெருப் பெண்கள் பதினைந்து இருபது பேர் கூடுவார்கள். ஓர் ஆலிமா வந்து பாடம் நடத்துவார். அவருக்குப் பிரசவ காலம் நெருங்கியதால் தாய்வீடு போய்விட்டார். "நீதான் காலேஜ் படிக்கிறியே, மதரஸாவுலயும் ரெண்டு வருஷம் ஓதியிருக்கே. நாலு வாரம் நீ சொல்லிக் கொடு" என்று உம்மா என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். ஆலிமா நிறுத்திவிட்டுப் போன இடம் மறுமை. மவுத்து, கபுறு, கேள்வி கணக்கு, சுவர்க்கம், நரகம் எல்லாம் என் தலையில் விழுந்தன.

எனக்கு உள்ளூரப் பெருமைதான். ஒரு வாரம் முழுவதும் குறிப்பெடுத்தேன். வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா'வைப் பற்றித் தமிழாசிரியையிடம் கேட்டறிந்தேன். 1572-ஆம் ஆண்டு மதுரையில் அரங்கேறிய நூல் அது. இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களில் மிகப் பழையது. இப்னு சலாம் என்னும் யூத அறிஞர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்க, நபிகள் நாயகம் விடை சொல்வதாக அமைந்தது. விடைகளைக் கேட்டு அந்த அறிஞர் மனம் நிறைந்துவிடுகிறார். எங்கள் கூடத்திலும் அப்படியே நடக்கும் என்று நான் நம்பியதுதான் வேடிக்கை.

முதல் ஞாயிறு கபுறின் வேதனையைப் பற்றிப் பேசினேன். அடக்கம் செய்தவர்களின் காலடி ஓசை அகன்றதும் முன்கர், நகீர் என்னும் இரு மலக்குகள் வந்து கேள்வி கேட்பதையும், கபுறு நெருக்குவதையும் குரலை ஏற்றி இறக்கிச் சொன்னேன். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய குரல் அல்லவா! பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்கள். கதவோரம் உட்கார்ந்திருந்த மூலைவீட்டு மாமி மட்டும் தலை நிமிர்ந்து, "கபுறே இல்லாதவகிட்ட எங்கே புள்ள வந்து கேப்பாங்க?" என்றார்கள்.

விடை என் குறிப்பில் தயாராக இருந்தது. கபுறு என்பது மண்குழி மட்டுமன்று; நெருப்பில் எரிந்தவருக்கும் மீன் தின்றவருக்கும் கூட 'பர்ஸக்' என்னும் இடைநிலை வாழ்வு உண்டு என்று மார்க்க அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் அதை அப்படியே படித்தேன். "மீன் தின்றவருக்கும்" என்ற சொல் வாயிலிருந்து வந்தபோது கூடத்தில் எழுந்த அமைதி எனக்கு அப்போது விளங்கவில்லை. மாமி எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

"அடியே, என்ன காரியம் பண்ணிட்டே!" என்று உம்மா தலையில் அடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் முழுக்கதையும் கேட்டேன். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை ஆழிப்பேரலையில் எங்கள் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள் என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். நான் பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டு. மாமிக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருந்தாள் என்பதும், அவள் அன்று சில்லடிக் கடற்கரைக்கு விளையாடப் போனாள் என்பதும், உடல் கிடைக்கவே இல்லை என்பதும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மாமி வீட்டில் அன்று முதல் மீன் சமைப்பதில்லையாம். பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு இருபது ஆண்டுகளாக இதை நான் கவனிக்கவில்லை.

அந்தக் குழந்தை தனியாகப் போகவில்லை. பட்டினச்சேரி மீனவர் வீட்டுச் சிறுமி ஒருத்தி அவளோடு கைகோத்துப் போனாள். அவளுடைய தாய் அன்றும் இன்றும் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருபவர், எல்லாருக்கும் அக்கா. அந்தச் சிறுமியின் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. அப்போது இறந்தவர் இந்துவா, இஸ்லாமியரா, கிறித்தவரா என்று பார்க்க நேரமுமில்லை, மனமுமில்லை. தர்காவுக்குரிய நிலத்தில் பலரை ஒன்றாகவே அடக்கம் செய்தார்கள். அவர்களோடு அவளும் அங்கே அடங்கினாள். கபுறு இருப்பது மீன்காரர் மகளுக்கு. மாமியின் மகளுக்கு இல்லை.

மறுநாள் மாமி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீ ஏட்டுல உள்ளதைச் சொன்னே, அதுக்கென்ன" என்று சொல்லித் தேநீர் கொடுத்தார்கள். பிறகு, "நான் வியாழக்கிழமை வியாழக்கிழமை அந்தப் புள்ளை அடங்கியிருக்கிற இடத்துலதான் போய் ஓதுறேன். ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் ஓதுறேன். அது கூடுமா, கூடாதா? ரெண்டும் அங்கே ஒண்ணா இருக்குமா, வேற வேறயா? அதைப் பாத்துச் சொல்லு" என்றார்கள்.

இரண்டாம் ஞாயிறுக்குள் நான் படித்த அளவுக்குப் பருவத் தேர்வுக்குக்கூடப் படித்ததில்லை. நீரில் மூழ்கி இறப்பவர் 'ஷஹீது'களின் வரிசையில் வைக்கப்படுகிறார் என்பது ஹதீஸ். பருவம் அடையாத குழந்தைகளின் செயல்களை எழுதும் கலம் உயர்த்தப்பட்டுவிட்டது. அவர்களுக்குக் கணக்கு இல்லை. இவை எனக்கு முன்பே தெரியும். தெரியாதது, ஸஹீஹுல் புகாரியில் நபிகள் நாயகம் கண்ட கனவைப் பற்றிய நீண்ட செய்தியில் இருந்தது. பசுமையான ஒரு தோட்டத்தில் நெடிதுயர்ந்த இப்ராஹீம் நபியும், அவரைச் சூழ்ந்து எண்ணற்ற குழந்தைகளும் இருக்கிறார்கள். சிறு வயதில் இறந்த குழந்தைகள் அவர்கள். இணைவைப்போரின் குழந்தைகளுமா என்று தோழர்கள் கேட்க, அவர்களும்தான் என்று விடை வருகிறது.

அன்று குரலை ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினேன். மாமி மடியில் கிடந்த தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அழவில்லை. வேறு இரண்டு பேர் அழுதார்கள். அவர்களும் அந்த ஞாயிற்றில் யாரையோ இழந்தவர்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இத்துடன் என் பாடம் வெற்றி பெற்றது என்று எழுதி முடித்தால் கட்டுரை அழகாக இருக்கும். ஆனால் மாமி விடவில்லை. "புள்ளைங்க சரி. அக்கா?" என்றார்கள்.

மூன்றாம் வாரம் முழுவதும் இந்த ஒற்றைச் சொல்லோடு அலைந்தேன். இமாம் கஸ்ஸாலி, மார்க்கத்தின் செய்தி சென்று சேராதவர்களையும், தவறான வடிவில் சேர்ந்தவர்களையும் இறைவன் மன்னிக்கக்கூடும் என்று தம் காலத்து ரோமர்களையும் துருக்கர்களையும் உதாரணம் காட்டி எழுதியிருக்கிறார். ஆனால் அக்கா எங்கோ தொலைநாட்டில் இருப்பவர் அல்லர். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிய பெரிய மனோராவின் நிழலில் வாழ்பவர். ஐந்து வேளையும் பாங்கு கேட்பவர். கந்தூரிக்குக் கொடி ஏறும்போது எங்களுக்கு முன்னால் நிற்பவர். அவருக்குச் செய்தி 'சேர்ந்தது' என்பதா, 'சேரவில்லை' என்பதா?

நம் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அமெரிக்காவில் சால்ட் லேக் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் சபையினரும் தங்கள் ஞாயிறு வகுப்புகளில் இதே இடத்துக்கு வந்து நிற்கிறார்கள் என்றார் அவர். வேதம் அறியாமல் இறந்தவருக்கு ஆவியுலகில் அது போதிக்கப்படும் என்பதும், அவருக்காக உயிரோடிருப்பவர் கோயிலில் ஞானஸ்நானம் பெறலாம் என்பதும் அவர்கள் நம்பிக்கையாம். 1840 முதல் இருக்கும் வழக்கம். ஏற்பதும் மறுப்பதும் இறந்தவர் விருப்பமாம். எனக்கு அந்த வழி உடன்பாடில்லை. ஆனாலும் ஏதோ ஒரு பெண் தன் அண்டைவீட்டுக்காரியை நினைத்துக்கொண்டு அங்கேயும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாள் என்று தோன்றியது.

நான்காம் ஞாயிறு, "அக்காவைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை மாமி. தீர்ப்பு நம் கையில் இல்லை" என்று ஒப்புக்கொண்டேன். இதைச் சொல்ல ஒரு வாரப் படிப்பா என்று யாரோ சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து, மீன் பாக்கி வாங்க அக்காவே வாசலில் வந்து நின்றார்!

மாமி எழுந்து போனார்கள். "அக்கா, ஒம்மவளும் எம்மவளும் ஒரே தோட்டத்துலதான் இருக்காங்களாம். கிதாபுல இருக்குன்னு இந்தப் புள்ளை பாத்துச் சொல்லுது" என்றார்கள்.

அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அங்க கடலு இல்லையேம்மா?" என்று கேட்டார்.

சுவர்க்கத்தில் தண்ணீர் ஆறும் பாலாறும் தேனாறும் உண்டு என்று படித்திருக்கிறேன். கடல் உண்டென்று நான் எங்கும் படித்ததில்லை. அதைச் சொன்னேன். அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். உம்மா நூற்றைம்பது ரூபாயைக் கொடுத்தார்கள்; எண்ணி முந்தியில் முடிந்துகொண்டு புறப்பட்டார். மாமியும் அவரோடு பேசிக்கொண்டே தெருமுனை வரை போனார்கள். அன்றைய பாடம் பாதியில் நின்றது. அடுத்த வாரம் வேறோர் ஆலிமா வந்து ஜகாத்தைப் பற்றி ஆரம்பித்தார். நான் பாயின் கடைசியில், மாமிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.