‘ஃபண்டு இல்லம்மா’

ஒரு தாயிடம் நான் சொன்ன பொய் அது. பணம் இருந்தது. எந்தத் தலைப்பில் இருந்தது, எந்தத் தேதிக்குள் செலவழிக்க வேண்டும் என்பதெல்லாம் என் மேசையில் கிடந்த கோப்பிலேயே எழுதியிருந்தது. தெரிந்துதான் சொன்னேன்.

நகராட்சிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சாலை, வடிகால், குடிநீர்த் தொட்டி என்று என் கையெழுத்தில் எழும்பியவை பல. சாலையில் குழி விழுந்தால் நாலு பேர் வந்து சத்தம் போடுவார்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் குடத்தோடு மறியல் செய்வார்கள். ஆனால் நான் போட்ட பூங்காவின் குறையைச் சொல்ல வேண்டியவர்களால் அந்தப் பூங்காவுக்குள்ளேயே நுழைய முடியவில்லை. அதனால் அது இத்தனை காலமும் யாருக்கும் குறையாகத் தெரியாமலே நின்றது. எனக்கு மட்டும் தெரியும்.

மத்திய அரசின் அம்ருத் திட்டம் 2015-இல் தொடங்கியது. குடிநீரும் பாதாளச் சாக்கடையும்தான் அதில் பெரும்பங்கு. என்றாலும் திட்டச் செலவில் 2.5 விழுக்காடு வரை பூங்காக்களுக்குச் செலவழிக்கலாம், அவை குழந்தைகளுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் சொன்னது. அந்த வழியில் எங்கள் ஊருக்கும் ஒரு பூங்கா கிடைத்தது. மனைப்பிரிவு போட்டபோது பொது உபயோகத்துக்கென்று விட்ட இடம், கருவேலம் மண்டிக் கிடந்தது. அளந்ததும் வரைந்ததும் மதிப்பீடு தயாரித்ததும் நான்தான்.

வேலை தொடங்குவதற்கு முன்பே அந்தம்மா அலுவலகத்துக்கு வந்தார். மூளை முடக்குவாதம் உள்ள மகன் இடுப்பில் இருந்தான். இடுப்பில் தூக்கும் வயதைத் தாண்டிய பையன். “சார், எங்க தெருப் பக்கம் பார்க் வருதுன்னு சொன்னாங்க. இவன் உக்கார்ற மாதிரி ஒரு ஊஞ்சல் மட்டும் போட்டுக் குடுங்க சார். முதுகு சாஞ்சுக்க இருந்து, ஒரு பெல்டும் இருந்தாப் போதும். பெங்களூர்ல எங்க தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்துல இருக்கு சார்” என்று செல்போனில் படம் காட்டினார். அவர் சொன்னது நிஜம்தான். பெங்களூரில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெற்றோர் சேர்ந்து ‘கிளிகிளி’ என்ற அமைப்பைத் தொடங்கி, அங்குள்ள மாநகராட்சியோடு சேர்ந்து, எல்லாக் குழந்தைகளும் கலந்து விளையாடும்படி பொதுப் பூங்காக்களை மாற்றினார்கள். கோல்ஸ் பூங்கா அவற்றில் ஒன்று. நான் படத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. “அதுக்கெல்லாம் ஃபண்டு இல்லம்மா. வந்தாப் பாக்கலாம்” என்றேன். “சரிங்க சார்” என்று மகனை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மதிப்பீட்டில் ஓர் இனத்தை எழுத வேண்டுமென்றால் விலை விகிதப் பட்டியலில் அதற்கு விலை இருக்க வேண்டும். செங்கல், சிமெண்டு, கம்பி, கொத்தனார் கூலி எல்லாம் அதில் உண்டு. சாய்மானம் வைத்த ஊஞ்சலும், சக்கர நாற்காலியோடு ஏறிச் சுற்றக்கூடிய தரைமட்ட ராட்டினமும் அதில் இருக்கவில்லை. பட்டியலில் இல்லாததற்கு மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்கி, விலைப் பகுப்பாய்வு போட்டு, மேலதிகாரியின் ஒப்புதலைப் பெற வேண்டும். கோப்பு கேள்வியோடு திரும்பி வரும். அது முடிந்தாலும், பின்னால் தணிக்கைக்காரர்கள் இந்த விலை எப்படி வந்தது என்பார்கள். மார்ச் 31 நெருங்கிக்கொண்டிருந்தது. வழக்கமான சறுக்கு, சீசா, சங்கிலி ஊஞ்சல் என்றால் பக்கத்து ஊர் மதிப்பீட்டை எடுத்து அளவை மாற்றினால் போதும். அதைத்தான் செய்தேன். சோம்பலும் தணிக்கை பயமும்தான் காரணம். வேறு எதையும் காரணமாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அடுத்து நடந்ததற்கு அந்தக் காரணமும் கிடையாது. ஒப்பந்தப்புள்ளியைத் திறந்தபோது தொகை மதிப்பீட்டைவிடக் குறைவாக வந்தது. மிச்சத்தில் என்ன செய்யலாம் என்று என்னிடம்தான் கேட்டார்கள். நுழைவாயிலில் ஒரு வளைவு, பெயர்கள் பொறித்த கிரானைட் கல்வெட்டு, வண்ண விளக்கு போட்ட நீரூற்று என்று எழுதிக் கொடுத்தேன். திறப்பு விழாப் படத்தில் தெரிவது அவைதான். அந்த நீரூற்றும் விலைப் பட்டியலில் இல்லை. அதற்கு மூன்று விலைப்புள்ளி வாங்கினேன், பகுப்பாய்வு போட்டேன், ஒப்புதலுக்கு நானே கோப்பை எடுத்துக்கொண்டு போனேன். ஊஞ்சலுக்கு முடியாது என்று ஒதுக்கிய அதே வேலையை நீரூற்றுக்கு முணுமுணுக்காமல் செய்து முடித்தேன். அதை எழுதும்போது அந்தம்மாவின் நினைவு வந்ததா என்று கேட்டால், வந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது.

கட்டி முடித்த பூங்காவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாடும் இருசக்கர வாகனமும் நுழையக் கூடாதென்று வாசலில் இரும்புக் குழாயைக் குறுக்கும் நெடுக்குமாக வளைத்து வைத்தோம். ஆள் உடம்பைத் திருப்பித் திருப்பித்தான் உள்ளே போக முடியும். சக்கர நாற்காலி போகாது. 900 மில்லிமீட்டர் தடையில்லாத வழி விட்டிருந்தால் போயிருக்கும். வாசலில் இரண்டு படி, மொத்தம் 30 சென்டிமீட்டர் உயரம். 1:12 என்ற விகிதத்தில் சாய்தளம் போட 3.6 மீட்டர் நீளம் வேண்டும். வளைவின் தூண்கள் இடத்தை எடுத்துக்கொண்டதால் எனக்கு மிஞ்சியது 1.2 மீட்டர். அதிலேயே போட்டேன். 1:4 சரிவில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பின்னால் சாய்ந்து விழும். விளையாட்டுப் பகுதி முழுவதும் மணல் நிரப்பினோம். விழும் குழந்தைக்கு மணல் நல்லது. ஆனால் சக்கரம் அதில் புதையும், ஊன்றுகோலும் புதையும். மணலுக்கு நடுவே கெட்டியான தளமாக ஒரு பாதை போட்டிருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். அதற்கு விலை பட்டியலிலேயே இருந்தது.

பணி முடிந்ததும் சான்று எழுத வேண்டியிருந்தது. ‘மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தள வசதி செய்யப்பட்டுள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் சொன்னது ஒரு தாயிடம். இது அரசு ஆவணத்தில். இரண்டில் இதுதான் பெரிய குற்றம் என்று இப்போது நினைக்கிறேன். ஏனென்றால், இந்த ஊரில் அந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது என்று இதைப் பார்த்துத்தான் மேலே இருப்பவர்கள் கணக்கெடுப்பார்கள். இருப்பதாகக் கணக்கில் வந்துவிட்டதற்கு அடுத்த ஆண்டு யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள். கோளாறான சாய்தளம் ஒன்றைப் போட்டதோடு, நல்ல சாய்தளம் வருவதற்கான வழியையும் நான் அடைத்துவிட்டேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நான் இதையெல்லாம் செய்தது அதற்குப் பிறகு. பணியில் இருந்தபோது சுற்றறிக்கையின் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டவன், ஓய்வுக்குப் பிறகுதான் சட்டத்தை முழுதாகப் படித்தேன். அணுகல் விதிகளுக்கு உட்படாத கட்டுமானத்துக்கு அனுமதியோ நிறைவுச் சான்றோ தரக் கூடாது என்கிறது பிரிவு 44. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக விளையாட்டில் பங்கெடுக்க வழிசெய்ய வேண்டும் என்ற ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இலேயே ஏற்றிருக்கிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது, அதில் சொல்லப்பட்ட ஆள் நான்தான் என்று பட்டது. பரிந்துரை என்று எழுதியிருந்தால் ‘பாக்கலாம்’ என்று சொல்லிப் பழகியவன்.

சாய்தளம் போட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் என்னைப் போன்ற பொறியாளர்களின் பிழையான எண்ணம். வாசலைத் தாண்டி உள்ளே வந்த குழந்தை அங்கே என்ன செய்யும்? மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு அது வீட்டிலேயே இருந்திருக்கலாம். சக்கர நாற்காலி அடியில் நுழையும் உயரத்தில் ஒரு மணல் மேசை வைத்தால், நாற்காலியில் இருப்பவனும் நின்றுகொண்டிருப்பவளும் ஒரே மணலில் கைவைத்து வீடு கட்டலாம். பார்வையில்லாத குழந்தைக்குத் தட்டினால் ஒலிக்கும் குழாய்கள், தொட்டால் வேறுபடும் தரை. ஆட்டிச நிலையில் இருக்கும் குழந்தை சத்தம் தாங்காமல் தவிக்கும்போது ஒதுங்கிக்கொள்ள ஒரு மூலை. திடீரென்று ஓடினால் சாலைக்குப் போய்விடாதபடி முழுச் சுற்றுவேலி. நம் ஊர் வெயிலுக்கு நிழல், முதலில் நிழல். இரும்புச் சறுக்கு மத்தியானத்தில் எந்தக் குழந்தையின் தொடையையும் சுடும். கழிப்பறையில் வளர்ந்த பிள்ளையைக் கிடத்தி உடை மாற்றும் அளவுக்கு ஒரு பலகை வேண்டும். அது இல்லாததாலேயே பல தாய்மார்கள் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள்.

இவர்களுக்கென்று தனிப் பூங்கா கட்டிவிடலாமே என்று நானும் முன்பு நினைத்ததுண்டு. இப்போது அதை ஒப்ப மாட்டேன். அந்தப் பையனுக்கு ஒரு தங்கை இருந்தால் அவள் எந்தப் பூங்காவுக்குப் போவாள்?

மெரினாவில் நடந்ததையும் நினைத்துக்கொள்கிறேன். பல ஆண்டுகள் மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டி, சக்கர நாற்காலி மணலைத் தாண்டிக் கடலருகே போகத் தற்காலிகப் பாதை போட்டுப் பிறகு பிரித்துவிடுவார்கள். இயக்கங்கள் விடாமல் கேட்டதால் 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு நிரந்தர மரப்பாதை திறந்தார்கள், செலவு 1.14 கோடி ரூபாய். சில நாளிலேயே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பிறகு சரிசெய்தார்கள். கட்டும் பணத்தோடு பராமரிப்புப் பணமும் சேர்ந்து வர வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நான் போட்ட எந்தப் பூங்கா மதிப்பீட்டிலும் பராமரிப்புக்கென்று ஒரு வரிகூட இருந்ததில்லை. பெல்ட் அறுந்த ஊஞ்சல் அந்தக் குழந்தைக்கு மறுபடியும் இல்லாத ஊஞ்சல்தான்.

பணம் எங்கே இருக்கிறது என்று இப்போது கேட்பவர்களுக்கு மறைக்காமல் சொல்கிறேன். நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். சட்டமன்ற உறுப்பினருக்கும் தனி நிதி உண்டு. நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு தரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பணியிலும் ஒப்பந்தப்புள்ளியில் மிச்சமாகும் தொகை. அது எங்கே போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். என்னிடம் யாரும் கேட்கவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். அவர்களை உள்ளாட்சி மன்றங்களில் நியமிக்க 2025-இல் சட்டமன்றம் வழிசெய்திருக்கிறது. அப்படி நியமிக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர் தீர்மானத்தின்போது எதிரே உட்கார்ந்திருந்தால் நீரூற்று என்று எழுத எனக்குக் கை வந்திருக்காது. வேல்ஸ் நாட்டில் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், தம் பகுதிக் குழந்தைகளுக்கு விளையாடப் போதிய வாய்ப்பு இருக்கிறதா என்று கணக்கெடுப்பதையே உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் அந்தக் கணக்கில் வர வேண்டும். அப்படி ஒரு கடமை இங்கேயும் இருந்தால், என்னைப் போல் எழுதும் பொறியாளர் முதலில் தெருவில் இறங்கி வீடு வீடாகக் கேட்க வேண்டியிருக்கும்.

அந்தம்மாவைத் தேடினேன். வாடகை வீட்டைக் காலிசெய்து போய் வெகுநாள் ஆயிற்று என்றார்கள். பையன் இப்போது ஊஞ்சல் வயதைத் தாண்டியிருப்பான். அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதை எந்த நிதியிலும் திருப்பித் தர முடியாது.

அதே பூங்காவைப் புதுப்பிக்கப் போவதாகக் கேள்விப்பட்டு, ஆணையருக்கு ஒரு மனு கொடுத்திருக்கிறேன். நான் கையெழுத்திட்ட சாய்தளச் சான்று உண்மைக்கு மாறானது, அதை ரத்துசெய்து அந்த வசதி இல்லை என்று பதிவுசெய்ய வேண்டும் என்பது அதில் முதல் பத்தி. வாசல் குழாய்களை எடுப்பது, சாய்தளத்தை 3.6 மீட்டராக நீட்டுவது, மணலில் கெட்டிப் பாதை, நிழற்கூரை, சாய்மான ஊஞ்சல், ஐந்தாண்டுப் பராமரிப்பு என்று இனம் இனமாகப் பின்னால் எழுதி, பட்டியலில் இல்லாதவற்றுக்கு மூன்று விலைப்புள்ளிகளை நானே வாங்கி இணைத்திருக்கிறேன். சாய்தளம் நீள வேண்டுமானால் வளைவை இடிக்க வேண்டியிருக்கும். அதையும் எழுதியிருக்கிறேன்.