60 கிலோவும் 14 கிலோவும்

34 வயதில் ஜிம் சேர்ந்தேன். பக்கத்தில் ஒரு காலேஜ் பையன் அசால்ட்டாக டெட்லிஃப்ட் அடித்துக்கொண்டிருந்தான். நான் மட்டும் விடுவேனா? மாஸ்டர் டீக்கு நகர்ந்ததும் 20 கிலோ ராடில் இரண்டு பக்கமும் 20 கிலோ பிளேட். பி.காம். கணக்குப்படி 60. வில்லாக வளைந்து இழுத்தேன். இடுப்பில் 'சுருக்'!

மூன்று வாரம் 14 கிலோ மகளைத் தூக்க முடியலை. "அப்பா, தூக்கு" என்று கை நீட்டுவாள்; நான் பேனா தேடுவேன்.

திரும்பிப் போனதும் மாஸ்டர் வெறும் ராடை நீட்டினார். "வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்ல 179 கிலோவைத் தலைக்கு மேல தூக்கித் தங்கம் வாங்கினார். முதுகை வளைச்சா தூக்கினார்? ராடு காலை உரசிக்கிட்டே வரணும் சார். காலால தரையைத் தள்ளுங்க."

நேற்று முதுகு நிமிர்த்தி, மூச்சுப் பிடித்து, முறைப்படி மகளைத் தூக்கினேன்.

"இறக்கி விடுப்பா, நானே நடக்கிறேன்" என்கிறாள்!