பழைய மோட்டாருக்கு ஒரு சந்தா

 

போன வெள்ளிக்கிழமை சாயந்தர பூஜை முடிஞ்சு பிரசாதம் கொடுத்துக்கிட்டு இருந்தப்ப, ஒரு அம்மா எங்ககிட்ட நேராவே கேட்டுட்டாங்க. "அன்னதானத்துக்கு 10 வெள்ளி எழுதுங்கன்னு எல்லார்கிட்டயும் நோட்டை நீட்டுறீங்க. நீங்க என்னடான்னா ஓட்டை மோட்டார் வச்சிருக்கவங்க கூட்டத்துக்கு வருஷம் 60 வெள்ளி கட்டுறீங்களாமே, அது என்ன கணக்கு?" பக்கத்துல நின்னவங்க சிரிச்சாங்க. நாங்களும் சிரிச்சுச் சமாளிச்சோம். ஆனா கேள்வி நியாயமானது. சுண்டல் கொடுத்துக்கிட்டே பதில் சொல்லக்கூடிய விஷயமும் இல்ல. அதனால இங்க எழுதுறோம். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

நாங்கன்னா யாருன்னு உங்களுக்குத் தெரியும். வாழை இலை தூக்குற, செருப்பு அடுக்குற, திருவிழா முடிஞ்சு அண்டா கழுவுற ஆறு பேர். அதுல அஞ்சு பேர்கிட்ட ஹோண்டா சி70, ஒருத்தர்கிட்ட புல்லட். விடியக்காலையில பூக்கட்டு வர்றது, தைப்பூசத்துக்குத் தண்ணிப் பந்தலுக்கு ஐஸ்கட்டி வர்றது எல்லாம் இந்த மோட்டார்லதான். கோயில் வாசல்ல நிக்கிறப்ப எண்ணெய் சொட்டி வைக்கும். அந்தக் கறையைத் தேய்ச்சுக் கழுவுறதும் நாங்கதான், அது வேற கதை.

ஜப்பான்ல ஹோண்டா இந்தச் சின்ன மோட்டாரை முதல்ல விட்டது 1958ல. அதே வருஷத்துல பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ ஹோண்டாவை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். அதுக்கப்புறம் நம்ம ஆளுங்க வாழ்க்கையே மாறிப்போச்சு. கூலாய், ரெங்கம், லாயாங் லாயாங் பக்கம் தோட்டத்துல வளர்ந்தவங்களைக் கேட்டுப் பாருங்க. லயத்துல முதல்ல வந்த மோட்டார் பெரும்பாலும் ஒரு கப்சாயாத்தான் இருக்கும். இருட்டுல பால்மரம் வெட்டப் போறதுக்கும் அதுதான், பின்னால வாளி கட்டிப் பால் கொண்டு போறதுக்கும் அதுதான். கிளட்ச் பிடிக்க வேண்டியதில்ல. இடது கை சும்மா இருக்கும். ஜப்பான்ல நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில தட்டை ஏந்திக்கிட்டு ஓட்டணும்னு அப்படிச் செஞ்சாங்கன்னு சொல்லுவாங்க. நம்ம வீட்டுல அந்தக் கை தூக்குச்சட்டியைப் பிடிச்சது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட்டதும், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனதும், பெரியவங்க செத்த சேதியைப் பக்கத்துத் தோட்டத்துக்குச் சொல்லப் போனதும் இதே மோட்டார்தான். அப்பா ஓட்டினதை வித்துத் தள்ள மனசு வரல, அவ்வளவுதான். எங்களை மோட்டார் பைத்தியம்னு நினைக்காதீங்க.

ரோட் டேக்ஸ் வருஷத்துக்கு 2 வெள்ளிதான். செலவு அதுல இல்ல, சாமான்லதான் இருக்கு. பழைய சி70க்கு 6 வோல்ட் பல்பு வேணும். இப்ப எந்தக் கடையில கேட்டாலும் 12 வோல்ட்டைத்தான் எடுத்து நீட்டுறாங்க. பாயிண்ட் இடைவெளி 0.3லருந்து 0.4 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். அதைக் கண்ணால பார்த்தே வைக்கத் தெரிஞ்ச கை இந்த ஊர்ல எத்தனை மிச்சம் இருக்கு? கெரான்ல உள்ள எஞ்ஜின் நம்பரும் வண்டியில உள்ளதும் ஒத்துப்போகணும்ங்கிறதால, எஞ்ஜினையே தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டுறதும் லேசான வேலை இல்ல.

இந்த இடத்துலதான் தவுக்கே வர்றாரு. சீனப் பெரியவர், மோட்டார் கடை வச்சிருந்தவர். தோட்டத்து ஆளுங்களோட பழகிப் பழகித் தமிழ் நல்லா பேசுவார். கடையை மூடின பிறகும் பின்னால ஒரு ஸ்டோர் எடுத்து, முப்பது வருஷமாச் சேர்த்த பழைய சாமானை அடுக்கி வச்சிருந்தார். பழைய மோட்டார் வச்சிருக்க மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் அங்கதான் கூடுவோம். ஞாயித்துக்கிழமை கதவு திறந்திருக்கும். ஒரு கேஸ்கெட் வேணும்னா தேடி எடுத்துக் கொடுப்பார். காசு நீட்டினா, "வேணாம் தம்பி, தே குடிச்சிட்டுப் போ"ன்னுடுவார். தைப்பூசத்தன்னைக்கு ரோட்டோரம் உட்கார்ந்து, பஞ்சரான மோட்டாருக்கெல்லாம் சும்மாவே டியூப் ஒட்டிக் கொடுத்த பெரியவரை உங்கள்ல சிலர் பார்த்திருப்பீங்க. அவரேதான்.

வருஷக் கணக்கா நாங்க எடுத்தோம். வாங்கினோம், மாட்டினோம், ஓட்டிக்கிட்டு வந்தோம். அந்த ஸ்டோருக்கு மாசம் 250 வெள்ளி வாடகைன்னு எங்களுக்குத் தெரியாது. தெரியாதுங்கிறதைவிட, நாங்க கேட்கலைங்கிறதுதான் உண்மை. அவர் முட்டி ஆபரேஷனுக்காகப் படுத்தப்ப, அவர் மகள்தான் சொன்னாங்க. "அப்பா சேமிப்புல இருந்து கட்டுறாரு. இனிமே முடியாது. பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிட்டேன்." அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. எங்களுக்குத்தான் முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. கோயில்ல அன்னதானம் சாப்பிட்டுட்டு, அரிசி யார் வாங்கினாங்கன்னே கேட்காமப் போறவங்களைப் பத்தி அண்டா கழுவுறப்ப எவ்வளவு பேசியிருப்போம்!

அன்னைக்கு ராத்திரியே கணக்குப் போட்டோம். வருஷத்துக்கு 3,000 வெள்ளி. ஆளுக்கு 60 வெள்ளின்னா 50 பேர் வேணும். முதல் வருஷம் 31 பேர் கட்டினாங்க. 1,140 வெள்ளி துண்டு விழுந்தது. அதை எங்கள்ல மூணு பேர் போட்டோம். அந்த மூணு பேர் யாருன்னு சொல்லமாட்டோம், வீட்டுல தெரிஞ்சா பிரச்சினை.

இது நாங்க புதுசாக் கண்டுபிடிச்சதும் இல்ல. இங்கிலாந்துல 1946ல, போர் முடிஞ்ச மறு வருஷம், டிட்ச் ஆலன்னு ஒருத்தர் பழைய மோட்டார்சைக்கிள்காரங்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பிச்சார். உறுப்பினர் கட்டுற வருஷச் சந்தாவுலதான் அது இன்னிக்கும் நடக்குது. மூடிப்போன பல கம்பெனிகளோட பதிவேடுகள் அந்தச் சங்கத்து நூலகத்துலதான் இருக்கு. எஞ்ஜின் நம்பரை வச்சு இந்த வண்டி எந்த வருஷத்துதுன்னு அவங்களால சொல்ல முடியுது. கம்பெனி போயிடுச்சு, ஆனா சந்தா கட்டினவங்க காப்பாத்தி வச்சிருக்காங்க.

புல்லட் கதை இன்னும் நல்லா இருக்கும். அது ரெட்டிச்ங்கிற ஆங்கிலேய ஊர்ல பிறந்த வண்டி. 1955ல மெட்ராஸ்ல அதுக்குன்னு கம்பெனி தொடங்கினாங்க. தொழிற்சாலை வந்தது எங்க தெரியுமா? வடிவுடையம்மன் இருக்கிற, பட்டினத்தார் சமாதியான அதே திருவொற்றியூர்ல. பின்னால ரெட்டிச்ல அடுப்பு அணைஞ்சுபோச்சு. திருவொற்றியூர்ல அணையல. 1977ல இங்கிலாந்துக்கே திருப்பி ஏத்துமதி பண்ணினாங்க. பிறந்த ஊர்ல இல்லாத சாமானை அந்த ஊர்க்காரங்க நம்ம பக்கத்துல இருந்து வாங்கினாங்க. எங்க புல்லட்காரர் இதை மாசத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிடுவார்.

நமக்குச் சந்தா புதுசும் இல்ல. தோட்டத்துக் கோயிலுக்குச் சம்பளத்தன்னைக்கே பிடிச்சுடுவாங்கன்னு எங்க அம்மாமாருங்க சொல்வாங்க. செட்டியார்கள் மலாயாவுலயும் சிங்கப்பூர்லயும் வியாபாரத்துல ஒரு பங்கை மகமைன்னு ஒதுக்கித்தான் தண்டாயுதபாணிக்குக் கோயில் நடத்தினாங்க. உண்டியல்ல போடுறது மனசுக்கு. மாசாமாசம் வர்ற பணம்தான் கரண்டு பில்லுக்கு. செயலவையில இருந்தவங்களுக்கு இந்த வித்தியாசம் நல்லாத் தெரியும்.

இப்ப, எங்களுக்கே இன்னும் தீராத விஷயம் ஒண்ணு. போன வருஷம் நல்ல கார்புரேட்டர் ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருந்தது. சந்தா கட்டின ஒருத்தர் கேட்டார். அவர் வண்டி கண்காட்சிக்கு வைக்கிற வண்டி. அதே ஞாயித்துக்கிழமை கூலாய் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் மோட்டாரைத் தள்ளிக்கிட்டே வந்தார். துப்புரவு வேலை, காலையில 5 மணிக்குப் போகணும், அந்த மோட்டாரை விட்டா வேற வழி இல்ல. சந்தாவும் கட்டினதில்ல. தவுக்கே ஒரு வார்த்தை பேசாம கார்புரேட்டரை எடுத்து அந்தப் பெரியவர் வண்டியில மாட்ட ஆரம்பிச்சுட்டார். சந்தா கட்டினவர், "அப்ப நான் எதுக்குக் கட்டினேன்?"னு கேட்டுட்டுப் போனவர்தான், திரும்பி வரல.

எங்க ஆறு பேர்ல மூணு பேர் அவர் கேட்டது சரின்னு சொன்னாங்க. கட்டினவனுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா? கோயில்லயும் உபயகாரருக்கு முதல் மாலை போடுறோமே, பரிவட்டம் கட்டுறோமேன்னாங்க. மத்த மூணு பேர், மாலை போடலாம், ஆனா அன்னதானப் பந்தியில உபயகாரருக்குத் தனி வரிசை கிடையாதேன்னாங்க. பொறியல் தீர்ந்துபோனா உபயகாரருக்கும் இல்லதான். நாலு வாரம் இந்தப் பேச்சு ஓடுச்சு. கடைசியில, வேலைக்கு ஓட்டுற வண்டிக்கு முதல்லன்னு ஸ்டோர் சுவத்துல எழுதி ஒட்டினோம். ஆனா போனவரைப் போய்க் கூப்பிடணும்னு எங்கள்ல யாருக்கும் தோணல. அது தப்புதான். இந்தப் பதிவை அவர் பார்த்தா, உங்க 60 வெள்ளி வாடகைக்குப் போச்சு அண்ணே, கணக்கு சுவத்துல இருக்கு, வந்து பாருங்க.

இந்த வருஷம் 44 பேர் கட்டியிருக்காங்க. இன்னும் 360 வெள்ளி வேணும். அதை உங்ககிட்ட கேட்க வரல, உங்க 10 வெள்ளி அன்னதானத்துக்கே இருக்கட்டும்.

வேற ஒண்ணு கேட்கிறோம். உங்க வீட்டுப் பின்னால அப்பாவோட, தாத்தாவோட சி70 துருப்பிடிச்சுக் கிடந்தா, இல்ல டப்பாவுல பழைய 6 வோல்ட் பல்பு, பாயிண்ட், செயின் கவர் ஏதாவது இருந்தா, பழைய இரும்புக்காரருக்குப் போடுறதுக்கு முன்னால எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. பல்பு இப்ப ஸ்டோர்ல நாலுதான் இருக்கு. பிரசாத மேசையில யாராவது ஒருத்தர் இருப்போம். தவுக்கே இப்பக் கைத்தடியோட நடக்கிறார். ஞாயித்துக்கிழமை காலை பூஜை முடிஞ்சதும் ஸ்டோரைத் திறந்துடுவார். தே உண்டு.