ஆக்லாந்து – சென்னை: தூரமும் நேரமும்

ஆக்லாந்து விமான நிலையம் நகரின் தெற்கே, மனுகாவ் கடற்கழியை ஒட்டிய மாங்கெரேயில் இருக்கிறது. அங்கிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு வான்வழியில் சுமார் 11,300 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது. பலரும் சிங்கப்பூரில் இறங்கி மாறுகிறார்கள்.

மாறிப் போவதென்றால் சுற்றுவழி என்றே தோன்றும். ஆனால் உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது ஆஸ்திரேலியாவைக் குறுக்காகக் கடந்து சிங்கப்பூரை ஒட்டியே செல்லும். ஆக்லாந்திலிருந்து சிங்கப்பூர் சுமார் 8,400 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னை சுமார் 2,900. நேர்வழியைவிட நூறு கிலோமீட்டர்கூட அதிகமில்லை. துபாய் வழியாகச் சென்றால் மொத்தம் 17,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

தூரம் போகவும் வரவும் ஒன்றுதான்; நேரம் அப்படியல்ல. தென்கோளத்தின் நடு அட்சரேகைகளில் உயரக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. சிங்கப்பூரிலிருந்து ஆக்லாந்து வரும் விமானத்தை அது பின்னிருந்து தள்ளுவதால், பயணம் பத்து மணி நேரத்துக்குள் முடிவதுண்டு. எதிர்த்திசையில் பத்தரை முதல் பதினொரு மணி நேரம் ஆகும். சிங்கப்பூர் – சென்னை நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்.

இதற்கு மேல் கடிகாரக் கணக்கு வேறு. நியூசிலாந்து இந்தியாவைவிட ஆறரை மணி நேரம் முந்தியது. செப்டம்பர் கடைசி ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை, கோடை நேரத்தில், ஏழரை மணி. ஜூலை மாதத்தில் ஒருவர் ஞாயிறு இரவு 11 மணிக்குச் சென்னையில் ஏறி, சிங்கப்பூரில் மூன்றே கால் மணி நேரம் காத்திருந்து, திங்கள் இரவு 11 மணிக்கு ஆக்லாந்தில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடிகாரம் முழுதாக ஒரு நாளைக் காட்டும். உண்மையில் கழிந்தது பதினேழரை மணி நேரம். இறங்கியபின் உயிரிப் பாதுகாப்புச் சோதனை இருக்கிறது. ஊறுகாய், பொடி, பலகாரம் எதுவானாலும் படிவத்தில் குறிப்பிட்டாக வேண்டும். மறைத்தால் 400 டாலர் அபராதம். பெட்டியைத் திறந்து காட்டும் நேரத்தையும் பயணத்தோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

ஊர் திரும்பும்போது இதே வித்தியாசம் கைகொடுக்கிறது. திங்கள் மதியம் 12 மணிக்கு ஆக்லாந்தில் ஏறி, பதினெட்டு மணி நேரம் பயணம் செய்தவர், திங்கள் இரவு 11.30க்கே மீனம்பாக்கத்தில் இறங்கிவிடுவார். அப்பாவோ அம்மாவோ இறந்த செய்தி கேட்டுக் கிளம்பும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு உயிரானது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் எடுத்துவிடும் வழக்கமுள்ள வீட்டில், மகளோ மகனோ வந்து சேரட்டும் என்று உடலை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்பார்கள். டிக்கெட் உடனே கிடைக்க வேண்டும், சிங்கப்பூரில் அடுத்த விமானம் தவறாமல் பிடிபட வேண்டும், சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கோ தஞ்சாவூருக்கோ இன்னும் ஓர் இரவுப் பயணம் போக வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் முகம் பார்க்க முடியாமல் போகலாம்.

ஆகவே வெளிநாட்டில் வாழ்கிறவர்களுக்குக் கிலோமீட்டரைவிட மணிக்கணக்கே முக்கியம். வாசலிலிருந்து வாசல்வரை எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முன்கூட்டியே குடும்பத்தோடு பேசி வைத்துக்கொள்வது, அவசரம் வரும் நாளில் இரு பக்கத்தாருக்கும் பெரிய ஆறுதல்.