போட்டிக்கு எந்த ஒயின்?

மது ஊற்றும் கடைக்குள் பெண்பிள்ளை தனியாகக் கால் வைக்கக் கூடாது என்பது, மதுரையில் யாரும் சொல்லித்தராமலே எனக்குள் இறங்கிய பாடம். பிரான்சின் லியோன் நகரில், க்ருவா ரூஸ் குன்றுச் சரிவில் அந்தச் சின்ன பூஷோன் வாசலில் நின்றபோது அது என்னை நன்றாகவே பிடித்து இழுத்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். கட்டம் போட்ட மேசை விரிப்பு. பேத்திக்கு ரொட்டி பிய்த்துக் கொடுக்கும் ஒரு பாட்டி. அவர் முன்னாலும் ஒரு கோப்பை சிவப்பு ஒயின். போய் உட்கார்ந்துவிட்டேன்.

பூஷோன் என்பது லியோன்காரர்கள் தெருவுக்குத் தெரு வைத்திருக்கும் சாப்பாட்டுக் கடை. பன்றி, குடல், ஈரல் என்று கசாப்புக் கடையில் மலிவாகக் கிடைப்பவைதான் இங்கே ராஜா. இந்தக் குன்று ஒரு காலத்தில் பட்டு நெசவாளர்களுடையது. உயரமான ஜக்கார்டு தறிகளுக்காகவே கூரையை உயர்த்திக் கட்டிய வீடுகள் இன்னமும் நிற்கின்றன. கூலிக்காக 1831இல் அவர்கள் நடத்திய கலகம் வரலாற்றில் இருக்கிறது. விடிவதற்கு முன்பே வேலையைத் தொடங்கியவர்கள், காலையிலேயே இறைச்சியும் ஒயினுமாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சமையலைப் பெரிய இடத்துக்குக் கொண்டுபோனவர்கள் பெண்கள். பணக்கார வீடுகளில் சமைத்தவர்கள் பிறகு சொந்தமாகக் கடை போட்டார்கள். அவர்களில் எழெனி பிராசியே, 1933இல் தன் இரண்டு உணவகங்களுக்கும் தலா மூன்று மிஷலின் நட்சத்திரம் வாங்கினார். இப்படியொரு சமையல்காரி நம் ஊரில் பிறந்திருந்தால் கல்யாண வீட்டுப் பின்கட்டைத் தாண்டியிருப்பாரா என்பது என் சந்தேகம்.

தாப்லியே த சாப்பர் கேட்டேன். மாட்டின் இரைப்பையை வேகவைத்து, வெள்ளை ஒயினில் ஊறப்போட்டு, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துத் தருவார்கள். அதாவது, நம்ம போட்டி. டாஸ்மாக் பார்களில் காரம் தூக்கலாக வறுத்து வைக்கிறார்களே, அந்த வகையறா.

"ஒயின்?" என்றார் கடைக்கார அம்மா. நான் வாய் திறப்பதற்குள் அவரே "போஷோலே" என்று முடிவு கட்டினார். பக்கத்து மேசைப் பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "வெள்ளை ஒயினில் ஊறின குடலுக்குச் சிவப்பா? வெள்ளை மாக்கோன் கொடுங்கள், மதாம்!" அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். இருபது வருஷமாக நீங்கள் இங்கே சிவப்பைத்தானே குடிக்கிறீர்கள் என்றார். அது சாசேஜுக்கு என்றார் அவர். பாட்டி போஷோலே கட்சியில் சேர்ந்தார். இவ்வளவையும் பெரியவரே அரைகுறை ஆங்கிலத்தில் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார், தன் பக்கத்துக்குச் சற்று உப்புப் போட்டுத்தான் என்று நினைக்கிறேன். போஷோலேயின் காமே திராட்சையை 1395லேயே பர்கண்டி கோமகன் மட்டம் என்று சொல்லித் தன் நிலத்திலிருந்து பிடுங்கச் சொன்னாராம். "அவருக்கென்ன தெரியும்?" என்றார் அம்மா. கோமகன் செத்து அறுநூறு வருஷம் ஆகியும் அந்த அம்மாவுக்குக் கோபம் ஆறவில்லை.

எனக்கு வியப்பு வேறு. எங்கள் ஊர் பாரில் சரக்குதான் முதலாளி. தட்டில் வருவது அதற்குத் துணை, பெயரே சைடு டிஷ். இங்கே இவர்கள் குடலுக்காக ஒயினை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறார்கள்.

கடைசியில் இரண்டும் வந்தன. போஷோலே லேசாகக் குளிரவைத்து, அடி கனத்த 46 சென்டிலிட்டர் புட்டியில். மாக்கோன் ஒரு கோப்பையில். பொரித்த மேல்தோல் மொறுமொறுத்தது. உள்ளே வெண்ணெய் மாதிரி. வீச்சம் துளிகூட இல்லை. தொட்டுக்கொள்ள அவித்த முட்டையும் கடுகும் கேப்பரும் சேர்ந்த கிரிபிஷ் சாஸ். அந்தப் புளிப்போடு சேர்ந்ததும் சிவப்பு சற்றுத் துவர்த்தது. வெள்ளை எண்ணெய்ப் பிசுக்கை வழித்துக்கொண்டு போனது. பெரியவர் பக்கம்தான் நியாயம் என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை; பில்லில் இரண்டுக்கும் காசு போட்டிருந்தார்.

லியோன் போகிறவர்கள் ஒயின் பட்டியலை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தட்டில் வரப்போவது என்ன என்று மட்டும் சத்தமாகச் சொல்லுங்கள். மிச்சத்தைப் பக்கத்து மேசை பார்த்துக்கொள்ளும்.