ஒன்றாம் எண் பாதை

தெற்கே பேலட் டவுன். இரண்டு வீடுகளும் ஒரு ஆய்வுக்கூடமும் மட்டுமே கொண்ட குக்கிராமம். வடக்கே விரிடியன் சிட்டி. இரண்டையும் இணைக்கும் பாதைக்குப் பெயர்கூடக் கிடையாது, எண்தான். ஒன்று. ஓரங்களில் மரங்கள், குறுக்கே சில மேடுகள், நடுநடுவே உயர்ந்து வளர்ந்த புல். நிற்காமல் நடந்தால் ஒரு நிமிடத்தில் கடந்துவிடலாம். ஆனால் 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளியான ‘பாக்கெட் மான்ஸ்டர்ஸ்’ வீடியோ விளையாட்டை வாங்கியவர்கள் எல்லோரும் ஊரைவிட்டுக் கிளம்பியது இந்த வழியாகத்தான். பின்னாளில் போக்கிமான் என்று உலகெங்கும் பரவி, இந்தியாவில் பெரும்பாலும் தொலைக்காட்சிக் கார்ட்டூனாகவும் மஞ்சள் நிற பிக்காச்சுவாகவும் மட்டுமே அறிமுகமான சமாச்சாரத்தின் முதல் மைதானம் இது.

விளையாடப்பட்ட கருவியோ நிண்டெண்டோவின் கையடக்கமான ‘கேம் பாய்’. 160க்கு 144 புள்ளிகள் கொண்ட சின்னத் திரை. நிறம் கிடையாது, வெளிர், அடர்த்தி என்று நான்கு சாயல்கள் மட்டும். புல் என்பது சில கோடுகளின் தொகுப்பு. இருந்தும் அதில் கால் வைக்கும்போது ஒரு தயக்கம் வருகிறது. காரணம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒவ்வொரு அடிக்கும் விளையாட்டு உள்ளுக்குள் ஒரு சீட்டுக் குலுக்கிப் பார்க்கிறது. இந்தப் பாதையில் சுமார் பத்து அடிக்கு ஒரு முறை சீட்டு விழும். திரை துடிக்கும், இசை மாறும், ஒரு பிராணி எதிரில் நிற்கும்.

பிரமாதமான பிராணி எதுவும் இல்லை. பிட்ஜி என்ற சிறு பறவை அல்லது ராட்டாட்டா என்ற எலி. இரண்டைத் தவிர மூன்றாவது கிடையாது. பறவை 2 முதல் 5 லெவல் வரை. எலி 4ஐத் தாண்டாது. சிறுவனின் கையில் இருக்கும் முதல் போக்கிமான் 5ஆம் லெவல் என்பதால் பெரிய ஆபத்தில்லை. தோற்று மயங்கினாலும் பாதிப் பணம் போகுமே தவிர, கண் விழிப்பது தாயின் வீட்டு வாசலில்தான்.

இதைவிட ரசிக்கத்தக்கது பாதையின் குறும்பு. முதல் முறை வடக்கே போகிறவனிடம் பிராணியைப் பிடிக்கும் பந்து கிடையாது. புல்லில் எதைப் பார்த்தாலும் சண்டை போடலாம், ஓடலாம், பிடிக்க முடியாது. விரிடியன் சிட்டி கடையிலோ, பேராசிரியருக்குக் கொடு என்று ஒரு பார்சலைத் திணித்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதைச் சேர்த்துவிட்டு மறுபடி வடக்கே வந்த பிறகுதான் பந்து வாங்க முடியும். ஆக, மூன்று முறை வெறுங்கையோடு நடந்தாக வேண்டும். அவசரக்காரர்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் எந்த மூலையில் புல், எங்கே இடைவெளி என்பது அதற்குள் மனப்பாடமாகிவிடுகிறது.

பாதையின் குறுக்கே வயல் வரப்புகள் மாதிரி மேடுகள் இருக்கின்றன. தெற்கு நோக்கி வரும்போது அவற்றிலிருந்து குதிக்கலாம். வடக்கே போகும்போது ஏற முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். சுற்றுகிற வழி புல்லுக்குள் போகிறது. போவது சிரமம், வீடு திரும்புவது எளிது. வழியில் நிற்கும் ஒரு பையனே இந்தக் குறுக்கு வழியைச் சொல்லித்தருகிறான். வெளியூர் போகும் குழந்தைக்கு இதைவிட நல்ல பாதையை யாரும் போட்டுத் தர முடியாது.

இதை யோசித்தவர் சதோஷி தாஜிரி. 1965இல் பிறந்தவர், டோக்கியோவின் மேற்கு விளிம்பில் மச்சிதாவில் வளர்ந்தவர். அப்போது அங்கே வயல்களும் குளங்களும் இருந்தன. பையன் பூச்சி பிடிப்பதில் மன்னன். கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயரும் ‘பூச்சி டாக்டர்’தான். மற்றப் பிள்ளைகள் மரப்பட்டையில் தேன் தடவி வண்டுகளுக்காகக் காத்திருக்க, அவர் மரத்தடியில் கல்லை வைத்துவிட்டு வருவாராம். பகலில் கல்லுக்கடியில் ஒதுங்கித் தூங்கும் வண்டுகளைக் காலையில் போய்க் கல்லைப் புரட்டி எடுத்துக்கொள்வார். கல்லைப் புரட்டும் அந்தக் கணத்தில் கீழே என்ன இருக்கும் என்ற படபடப்பு, புல்லில் கால் வைக்கும் படபடப்பேதான்.

பிறகு நகரம் வந்தது. வயல்கள் வீடுகளாயின. மீன் பிடித்த குளம் இருந்த இடத்தில் வீடியோ கேம் கூடம் எழுந்தது என்று 1999இல் ஒரு பேட்டியில் அவர் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், குளத்தை விழுங்கிய அதே விளையாட்டுகள் அவரையும் விழுங்கின. 1983இல் ‘கேம் ஃப்ரீக்’ என்ற பெயரில் கையால் எழுதிய பத்திரிகை நடத்தினார். 1989இல் அதே பெயரில் நிறுவனம். இரண்டு கேம் பாய்களை இணைக்கும் கேபிளைப் பார்த்தபோது, அதற்குள் உயிருள்ள பூச்சிகள் ஊர்ந்து போவதாகத் தோன்றியதாம். கேபிள் அதுவரை போட்டிக்குப் பயன்பட்டது; அவர் பண்டமாற்றுக்குப் பயன்படுத்தினார். அதனால்தான் சிவப்பில் கிடைக்கும் எக்கன்ஸ் என்ற பாம்பு பச்சையில் கிடைப்பதில்லை; இன்னொரு பிள்ளையிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். வேலை முடிய ஆறு வருடங்கள் பிடித்தன.

வயலை இழந்த குழந்தைகளுக்கு வயல் கொடுக்க அவர் விரும்பினார். கொடுத்தாரா? கொடுத்தது வயலின் நினைவைத்தான். நான்கு சுவருக்குள் உட்கார்ந்து கட்டை விரலால் நடக்கும் பிள்ளையின் காலில் சேறு படுவதில்லை. பிடித்த வண்டு மறுநாள் செத்துக் கிடப்பதைப் பார்க்கும் துக்கமும் இல்லை. போக்கிமான் மயங்கும், சாகாது. இது சின்ன இழப்பல்ல. ஆனால் ஒன்றாம் எண் பாதையைக் குறை சொல்லும் பெரியவர்கள்தான் குளத்தையும் தூர்த்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 2016இல் ‘போக்கிமான் கோ’ வந்து எல்லோரையும் தெருவுக்கு இழுத்தபோதும், பார்வை கைபேசியில்தான் இருந்தது.

1996இன் கார்ட்ரிட்ஜ்களில் நாணயம் போன்ற ஒரு பேட்டரி பற்றவைக்கப்பட்டிருக்கும். பிடித்த பிராணிகள், சேர்த்த பணம், நின்ற இடம் எல்லாம் அதன் தயவில்தான் நினைவில் இருக்கும். பாதையும் புல்லும் வேறு சில்லில் நிரந்தரமாகப் பதிந்தவை. வருடங்கள் கழித்துப் பல கார்ட்ரிட்ஜ்களில் அந்தப் பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது. பழைய பெட்டியிலிருந்து எடுத்து, ஒரு காலத்தில் நூறு பிராணிகளுக்கு மேல் பிடித்தவர் ஆசையாகப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. புது ஆட்டம் என்று கேட்கும். மாடி அறையில் சிறுவன் நிற்பான். கீழே தாய் இருப்பார். வெளியே வந்து வடக்கே திரும்பினால், முதல் புல் இருந்த இடத்திலேயே இருக்கும்.